ஆல்ட்பர்க் தொப்பி

பக்கத்து ஊரான ஆல்ட்பர்க்கின் அணித் தொப்பியை, அந்தச் சிவப்புத் தொப்பியை, மாட்டிக்கொண்டு ஆர்லின் எங்கள் ஊர் பாருக்குள் வந்தான். எங்களுக்கெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பார்க்காரர் டெல்மர் கிளாஸ் துடைப்பதை நிறுத்தினார்.

"தொப்பியைக் கழட்டு. அப்புறம்தான் பீர்."

"அப்ப பீர் வேண்டாம்." தன் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்குப் பந்து எறிபவன் அவன். வாரம் முழுக்க மாட்டுப் பண்ணை, ஞாயிறானால் மைதானம். ஒரு பெரிய நகரத்து அணி சம்பளம் தருகிறேன் என்று வந்தபோது, "என் மாட்டுக்கு யார் பால் கறப்பா?" என்று திருப்பி அனுப்பியவன். அதைச் சொல்லிச் சொல்லியே வெளியூர்க்காரர்களிடம் மார்தட்டிக்கொள்வோம்.

போன ஞாயிறு ஆல்ட்பர்க்கிடம் தோற்றோம். மாநிலப் போட்டிக்கு அவர்கள் போகிறார்கள். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஒரு விதி உண்டு. ஜெயித்த அணி, தோற்ற அணிகளிலிருந்து பந்து எறிபவர்கள் மூன்று பேரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளலாம். கூப்பிட்டால் போகலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம். ஆல்ட்பர்க் கூப்பிட்டு எங்கள் ஊரிலிருந்து யாரும் போனதில்லை.

"நம்மளத் தோக்கடிச்சவனுக்கே போய் எறியப் போறியா? வெக்கமா இல்லையாடா?" என்றார் டெல்மர்.

"இல்ல."

"உன்னால என் பையன் கர்ட் ஒன்பது வருஷமா பெஞ்சைத் தேய்ச்சான். நீ களைச்சாத்தானே அவன் கைக்குப் பந்து வரும்? ஊருக்காகன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். காரணத்தையாவது சொல்லு."

"சொல்ல மாட்டேன். போகத்தான் போறேன். முடிஞ்சா தடுத்துப் பாருங்க."

என்ன திமிர்! டெல்மர் சுவரில் மாட்டியிருந்த ஆர்லினின் படத்தைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். நாங்கள் கைதட்டினோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆல்ட்பர்க் மேனேஜர் நார்பர்ட் உள்ளே வந்தார். கையில் ஒரு சிவப்புச் சட்டை.

"உங்க கர்ட்டுக்கு," என்று டெல்மரிடம் நீட்டினார். "அவனும் எங்களோட மாநிலப் போட்டிக்கு வரணும்."

டெல்மர் சட்டையை விரித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அறுவடை முடிந்ததும் கர்ட் வேலைக்காக டெக்சாஸ் போகிறான். இந்த வருஷத்தை விட்டால் அவனுக்கு மாநிலப் போட்டி என்பதே கிடையாது.

"என் பையன் திறமை இப்பவாவது ஒருத்தன் கண்ணுல பட்டுதே," என்றார். விதியில் இடம் இருக்கும்போது போனால் என்ன தப்பு, நம்ம ஊருக்குத்தானே பெருமை என்று எங்களிடம் வேறு கேட்டார். நாங்களும் வெட்கமில்லாமல் தலையாட்டினோம். எல்லோருக்கும் ஓசியில் பீர் ஊற்றினார், ஆர்லினைத் தவிர. பிறகு மனைவிக்குப் போன் போட உள்ளே ஓடினார்.

நார்பர்ட் ஆர்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஸ்டூலில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

"கர்ட்டைச் சேத்தாத்தான் நீ வருவேன்னே, சேத்தாச்சு. ஒரு இன்னிங்ஸாவது அவன் எறியணும்னே, அதுக்கும் சரி. அவங்கப்பாகிட்ட இதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, ஏன்யா வீணா திட்டு வாங்கறே?"

ஆர்லின் அன்றைக்கு முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"இது டெல்மர் காதுல விழுந்துச்சுன்னா, உங்க அணிக்கு நான் ஒரு பந்துகூட எறிய மாட்டேன்."