டிராகனைக் கொல்லுங்கோ

“வாசல் அடைபட்டுப் போச்சு. இனி ஒருத்தரும் உயிரோட வெளியில போக ஏலாது.”

தனஞ்சயன் இதைக் கரகரத்த குரலில் சொல்லிவிட்டு மூன்று பேரின் முகத்தையும் பார்த்தான். ஒருவர் முகத்திலும் பயத்தைக் காணோம். மஷூர் கட்லட்டைச் சோஸில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையைப் பார்த்த ஒரு ஃப்ளாட். பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் மஷூர், மயூரி, நிம்றா மூவரும் தனஞ்சயன் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மேசையில் குகையின் வரைபடம், டைஸ், நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் டிராகன்.

ஆட்டத்தில் மஷூர் வாள்வீரன், மயூரி மந்திரக்காரி, நிம்றா திருடி. கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிற மாஸ்டர் தனஞ்சயன். டிராகனுக்கும் அவனே குரல் கொடுக்க வேண்டும்.

குகைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அந்த மூவரும் என்றுதான் ஆட்டத்தில் கணக்கு. உண்மையில் மாட்டிக்கொண்டு முழித்தவன் மாஸ்டர்தான்.

டொரன்டோவில் வேலை கிடைத்து, விசாவும் வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. அடுத்த போயாவுக்கு அவன் இங்கே இல்லை. அதை இவர்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

முந்திய மாஸ்டர் இப்படித்தான் கதையை நட்டாற்றில் விட்டுவிட்டு மெல்பேர்னுக்குப் பறந்தான். நிம்றா அன்று விக்கி விக்கி அழுதாள். அதனால் தனஞ்சயன் பொறுப்பெடுத்தபோது டைஸின் மேல் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டார்கள்.

“இந்த டிராகன் சாகுமட்டும் நான் உங்களை விட்டுட்டு எங்கயும் போகமாட்டன்.”

அன்று சிரித்துக்கொண்டு சொன்னது, இன்று தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கி நின்றது. மாஸ்டரே தன் டிராகனைக் கொல்வது இந்த ஆட்டத்தில் வழக்கமில்லை. விளையாடுகிறவர்கள்தான் கொல்ல வேண்டும். போகாவிட்டால் வேலை போய்விடும், சத்தியத்தை உடைத்துப் போனால் இவர்கள் முகத்தில் ஆயுளுக்கும் முழிக்க முடியாது.

எத்தைத் தின்றால் பித்தம் தெளியும் என்று அவனும் எல்லாம் செய்து பார்த்துவிட்டான். ஒரு போயாவுக்கு டிராகனின் சிறகை ஒடித்தான். அடுத்த போயாவுக்குக் கண்ணைக் குருடாக்கினான். நெருப்புக் கக்குகிற வாய்க்குச் சளிகூடப் பிடிக்க வைத்தான். அப்படியும் அந்தச் சனியன் சாகவில்லை.

இன்று அதைத் தூங்கவே வைத்துவிட்டான்.

“டிராகன் நல்ல நித்திரை. கழுத்து உனக்கு நேர முன்னால கிடக்குது, மச்சான். ஒரு வெட்டு, முடிஞ்சுது.”

மஷூர் போன வருஷம் ஒரே வெட்டில் அரக்கனைச் சாய்த்த கெட்டிக்காரன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தை உற்றுப் பார்த்தான்.

“எனக்கு இந்தச் சுவர்லதான் டவுட்டா ஈக்கி மச்சான். நான் சுவர வெட்டுறேன்.”

“சுவரையா?”

“பின்னால பாதை ஏதும் ஈந்தாலும் ஈக்கும்.”

தனஞ்சயன் பல்லைக் கடித்துக்கொண்டு நிம்றாவிடம் திரும்பினான். அவள் தாடையில் கையை வைத்து யோசித்தாள்.

“நான் என்ட போர்வைய டிராகனுக்குப் போத்திவிடுறேன். பாவம், குகைக்குள்ள குளிரும்.”

“நீ திருடி, நிம்றா! அதின்ர புதையலையாவது எடு!”

“இன்டைக்கு வேணாம் அண்ணா.”

மயூரி இன்னொரு ரோல்ஸை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். “நேற்றுக் கோயில்ல உங்கட அம்மாவைக் கண்டனான் அண்ணா. கன நேரம் கதைச்சவா.”

தனஞ்சயனுக்குத் திக்கென்றது. “என்னவாம்?”

“நீங்கள் வடிவாச் சாப்பிடுறேல்லையாம்.”

அவனுக்குப் போன மூச்சுத் திரும்பி வந்தது. இனித் தாமதித்தால் வேலைக்காகாது என்று எழுந்து நின்று இரண்டு கையாலும் மேசையை ஆட்டினான்.

“பூமி அதிருது! குகைக் கூரை இடிஞ்சு டிராகன்ர தலையில விழுந்திட்டுது! அது சாகக் கிடக்குது. ஆராவது சின்னதா ஒரு தட்டுத் தட்டினாக் காணும். மயூரி, உன்ர முறை!”

மயூரி டைஸைக் கையில் எடுத்துக் குலுக்கினாள். “நான் குணமாக்கிற மந்திரம் போடுறன்.”

“ஆருக்கு? உங்களில ஒருத்தருக்கும் காயமில்லையே!”

“டிராகனுக்கு.”

டைஸ் உருண்டு போய்ச் சோஸ் கிண்ணத்தில் முட்டி நின்றது. இருபது. அந்த டைஸில் அதைவிடப் பெரிய எண் இல்லை.

“சுகமாயிட்டுது! சிறகும் முளைச்சிருக்கும்!” மஷூர் கைதட்டினான்.

தனஞ்சயனுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கதவையும் ஜன்னலையும் யாரோ வெளியில் நின்று பூட்டிவிட்டது போல் இருந்தது.

“உங்களுக்கெல்லாம் விசரே? எத்தினை மாசமா இதைச் சாகக் குடுக்கிறன்! கெஞ்சிக் கேக்கிறன், தயவுசெய்து இந்த டிராகனைக் கொல்லுங்கோ!”

கீழே பாணந்துறை ரயில் ஜன்னல்களை அதிரவைத்துக்கொண்டு போனது. மஷூர் குனிந்து வரைபடத்தைப் பார்த்தான்; மயூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிம்றா டிராகனை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“செத்தா நீங்க கனடாவுக்குப் போயிடுவீங்களே அண்ணா.”