இரண்டு கரண்டி சீனி

தையல் மெஷின் லாச்சிக்குள் கிளினிக் கொப்பியை ஒளித்துவைத்து, தன் சீனி வருத்தத்தை, அந்த நீரிழிவு நோயை, இரண்டு வருடமாக மனைவியிடம் மறைத்துவந்தார் தாஹிர். தெரிந்தால் மைமூனா அழுதே படுத்துவிடுவாள்.

இன்று ஆஸ்பத்திரியில் கொப்பிக்குப் பதில் கம்பியூட்டர்.

"போன் நம்பரைச் சொல்லுங்கோ நானா. கிளினிக் நாளுக்கு மெசேஜ் வரும்," என்றாள் தாதி கீர்த்திகா.

"வீட்டிலை ஒரு போன்தான் பிள்ளை. மனிசி பார்த்தால் முடிஞ்சுது."

"நம்பர் போடாட்டி மருந்துச் சீட்டு வராது."

வேறு வழியில்லாமல் சொன்னார். கீர்த்திகா திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த நம்பரைப் போன கிழமையே ஒரு அம்மா பதிஞ்சிட்டா. அவவுக்கும் சீனிதான். மனுசனுக்குத் தெரியக்கூடாதெண்டு உங்களைப் போலத்தான் கெஞ்சினவ."

காலையில் மைமூனா சந்தேகப்படக் கூடாதென்று சீனித் தேத்தண்ணியை மடமடவென்று குடித்தவர், அவளுடைய கோப்பைக்குள்ளும் தன் கையாலேயே இரண்டு கரண்டி அள்ளிப் போட்டிருந்தார்.

அவளும் சிரித்தபடியே குடித்திருந்தாள்.