கடைக்குள் நின்ற பஸ்

டேப்பின் நுனி கண்டக்டரின் மூக்கில் வந்து நின்றது.

"பதினாலடி," என்றான் அளந்தவன்.

கண்டக்டர் இன்னும் காயவில்லை. காலையில்தான் ஓவியக்காரி அவரைச் சுவரில் வரைந்து முடித்திருந்தாள். அவருக்குப் பின்னால், கடையின் மூன்று சுவர்களையும் வளைத்துக்கொண்டு, ஒரு முழு டவுன் பஸ். ஆள் உயரத்துக்கு முப்பத்தாறு பயணிகள். இன்னும் நாலு பேர் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை ஓவியக் கண்காட்சித் திறப்பு. தெருவிலிருந்து கால் எடுத்து வைப்பவர்கள் நேராகப் பஸ்ஸுக்குள் நிற்பார்கள்.

அதுவரை சுவர் இருந்தால்.

"சும்மா பூட்டிக் கிடக்கறதுக்கு நீ வரைஞ்சுக்க அம்மிணி. வாடகைக்கு ஆள் வந்துட்டா அன்னிக்கே வெள்ளை அடிச்சிருவேன்." கடையின் சொந்தக்காரர் சென்னியப்பன் சாவி கொடுத்த அன்று சொன்னது இவ்வளவுதான்.

ஆள் வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும். தையல் கடை வைக்கப் போகிறார்களாம்.

"இந்த பஸ்ஸைப் பார்த்துட்டுத்தானுங்க வண்டியையே நிறுத்துனோம்," என்றாள் அந்தப் பெண். சிரித்தாள். அதற்குள் வெட்டும் மேசையை எங்கே போடுவது என்று காற்றில் கையை நீட்டிப் பார்த்தாள். பயணிகளின் மடிமேல் மேசை நீண்டது.

மீட்டரைக் காட்டுவதற்காகச் சென்னியப்பன் புருஷனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பெண் கிட்டே வந்தாள். சிரிப்பைக் காணோம்.

"ஏனுங்க, இந்தக் கடை ராசியில்லைன்னு பக்கத்துல சொல்றாங்க. மூணு பேரு நொடிச்சுப் போனாங்களாமா. நீங்க ஒரு மாசமா உள்ளயே இருக்கறீங்க. ஏதாச்சும் இருந்தாச் சொல்லிருங்க. பத்து வருசம் கம்பெனில தெச்சுட்டு, இப்பத்தான் சொந்தமா எறங்கறோம்."

காரணம் ஓவியக்காரிக்குத் தெரியும்.

டீக்கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். பாலம் கட்டுகிறோம் என்று மூன்று வருஷம் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஈ காக்கை இந்தப் பக்கம் வரவில்லை. இந்த வரிசையில் மட்டும் ஒன்பது ஷட்டர் இறங்கியது. போன மாதம் தகரத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் இந்த வாசலில் ஜனம் அலைமோதும்.

ராசியாவது, மண்ணாவது.

ஒரு வார்த்தை போதும். பாலத்தைக் கைகாட்டினால்கூடப் போதும்.

பின்பக்கம் மீட்டர் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

அவள் வாயைத் திறந்தாள்.

கண் சுவருக்குப் போயிற்று. ஜன்னலோர சீட்டில், மடியில் திருத்தாத பேப்பர் கட்டோடு தூங்கிப்போன டீச்சர். அந்த ஒரு முகத்துக்கு மூன்று நாள் பிடித்தது. வெள்ளை அடிப்பவனுக்கு மூன்று நிமிஷம் பிடிக்குமா?

வாயை மூடிக்கொண்டாள். குனிந்து தூரிகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

காய்ந்த தூரிகை.

காலடிச் சத்தம் நெருங்கியது.

அந்தப் பெண் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எல்லாம் விளங்கிவிட்டது போல், ஓவியக்காரியின் கையை மெல்லத் தொட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க."

புருஷனைத் தனியே இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். அவன் டேப்பைச் சுருட்டினான். கண்டக்டரின் மூக்கில் ஒரு கீறல் மிச்சம்.

ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. திருப்பத்தில் மறையும்வரை அந்தப் பெண் கடையையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

சென்னியப்பன் வாசலில் நின்றார். சாவிக்கொத்தை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே திரும்பினார்.

"புடிச்சிருக்குன்னுதான சொன்னாங்க. நீ ஏதாச்சும் சொன்னயா, அம்மிணி?"

"ஒண்ணும் சொல்லலீங்ணா."