கம்பளையில் ஒரு சுத்தபோசனம்

"வெள்ளிக்கிழமையில இறைச்சி தின்னவனுக்குக் கோயில்ல பாட்டு ஒரு கேடா?"

கண்டி மஹய்யாவையில் கார் ஏறியதிலிருந்து அமலதாஸ் இதையே கேட்டுக்கொண்டு வந்தார். பதில் சொல்ல வேண்டிய வின்சன்ட் காரில் இல்லை. இருந்தவர்கள் மனைவி மேபலும், வாடகைக் கார் ஓட்டும் இருளப்பனும்தான்.

அவர்களுடைய மாதா கோயிலில் பாட்டு வாத்தியார்தான் வின்சன்ட். போன வெள்ளிக்கிழமை கம்பளையில் எங்கோ உட்கார்ந்து இறைச்சிக்கறி சாப்பிட்டாராம். வெள்ளிக்கிழமை வேதக்காரர்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சி வாயில் படக்கூடாது. பங்குச் சாமியாரோ நாவலப்பிட்டிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை அமலதாஸுக்குப் பொறுக்கவில்லை. நேரில் போய்ச் சொல்லி, வின்சன்டைப் பாட்டிலிருந்து நீக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று கார் பிடித்துவிட்டார்.

"பாவங்க அந்த மனுஷன். பாட்டை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?" என்றாள் மேபல்.

"நாக்கைக் கட்டத் தெரியாதவன் என்ன பாட்டுப் பாடுறது?"

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தவங்க சொன்னாங்க. வாசம் தெருவரைக்கும் வந்துச்சாம்."

வழியில் கம்பளைக்கு வந்ததும் ரேடியேட்டர் கொதித்தது. இருளப்பன் காரை ஓரங்கட்டினார். எதிரே ஒரு வீடு. முன் அறையில் நாலு கதிரை போட்டு வீட்டுச் சாப்பாடு கொடுக்கும் பளீல் நானா, அப்போதுதான் ஜும்ஆத் தொழுகை முடித்து வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க ஐயா. உள்ளுக்குப் பொம்புளையாக்கள் ஈக்கிறாங்க, அம்மா அங்க போய்ச் சாப்பிடலாம்."

மேபல் திரைக்கு அப்பால் போனாள். இருளப்பன் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். அமலதாஸ் தெருவுக்கே கேட்கும்படி, "எங்களுக்கு மரக்கறி மட்டும். இன்னைக்குச் சுத்தபோசனம்" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் அடுப்படியிலிருந்து அந்த வாசம் வரவும் சரியாக இருந்தது. கறுவா, ஏலம், ரம்பை, வறுத்த மல்லி. அமலதாஸின் பக்தி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது.

"நானா, இங்க வாங்க. அது என்ன வாசம்?"

"கறி ஐயா. காலையில இருந்து சட்டியில வேகுது. ஆனா அது வந்து..."

"மெதுவாப் பேசுங்க. சோத்துக்கு அடியில வச்சு, மூடிக் கொண்டு வாங்க."

"ஐயா, நீங்க நெனக்கிற மாதிரி..."

"நான் என்ன நினைக்கிறேன்னு ஆண்டவருக்குத் தெரியும். நீங்க கறியக் கொண்டாங்க."

வந்தது. மேலே பருப்பும் கீரையும், அடியில் கறியும். திரை அசையும்போதெல்லாம் அமலதாஸ் பருப்பை இழுத்துக் கறியை மூடினார். அசையாதபோது தோண்டினார். மறுசோறும் அதே முறையில் உள்ளே போனது.

"சாப்பாடு எப்படிங்க?" என்று உள்ளேயிருந்து மேபல் கேட்டாள்.

"பருப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் வாய் நிறைய.

கை கழுவும்போதுதான் மனசாட்சி வந்து சேர்ந்தது. பசி இருக்கும்வரை அது வாயே திறக்கவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கையை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் கழுவினார். காரில் ஏறும்போது ஆள் பாதியாகியிருந்தார்.

"இருளப்பன், கண்டிக்குத் திருப்பு."

"சாமியாரப் பார்க்கலையா?" என்றாள் மேபல்.

"வேணாம் மேபல். வின்சன்டும் மனுஷன்தானே. பசிச்ச நேரத்தில ஒரு வாய் சாப்பிட்டிருப்பான். தீர்ப்புச் சொல்ல நாம யாரு?"

மேபலுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து தன் புருஷன் ஒருத்தரை மன்னித்து அவள் பார்த்ததே இல்லை. இருளப்பன் காரைத் திருப்பினார்.

பளீல் நானா ஓடிவந்து ஜன்னலில் குனிந்தார். அமலதாஸின் வாடிய முகத்தைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. காதோடு சொன்னார்:

"ஐயா, மனச வருத்திக்காதீங்க. அது இறைச்சி இல்ல. பிஞ்சுப் பலாக்காய். வெள்ளிக்கிழமையில ஒங்கட ஆக்கள் வருவாங்கண்டு நாங்க இறைச்சிய அடுப்பிலயே ஏத்துறல்ல. பலாக்காய்க்கு இறைச்சி மசாலா போட்டு ஆக்குற. சொல்ல வந்தா நீங்க விட்டாத்தானே."

அமலதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பாவம் போன வேகத்தில் இரக்கமும் போய்விட்டது.

"இருளப்பன், காரைத் திருப்பு. நாவலப்பிட்டிக்கு."

இருளப்பன் வாய்க்குள் ஏதோ முனகினார்.

"இப்பதானேங்க மன்னிச்சீங்க?" என்றாள் மேபல்.

"மன்னிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நாம இன்னைக்குச் சுத்தபோசனம் காக்கலையா? அந்த வின்சன்ட் வாத்தியாருக்கு மட்டும் ஏன் முடியல? இதே கம்பளையில உட்கார்ந்து இறைச்சி தின்னிருக்கான். சாமியார்ட்ட சொல்லியே ஆகணும்."

பளீல் நானா இன்னும் ஜன்னலை விடவில்லை.

"ஆர்மோனியப் பெட்டியோட வந்த வின்சன்ட் மாஸ்டரா? அவரு போன வெள்ளி சாப்பிட்டது எங்கட ஊட்டுலதான். இதே பலாக்காய்க் கறிதான் கேட்டு வாங்கினாரு."

இந்தத் தடவை அவர் குரலைத் தாழ்த்தவில்லை. மேபல் திரும்பிப் பார்த்தாள்.

"இறைச்சிண்டு நெனச்சுச் சாப்பிட்டது நீங்க ஒருத்தர்தான், ஐயா."