பாதி வலி

கட்டிலில் காசிலிங்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கால்மாட்டில் மகள் தேன்மொழி. இடுப்பில் டிஸ்க் விலகியிருந்த மனைவி செண்பகமோ தரையில் சம்மணமிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வலியைப் போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் அவருக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செண்பகம் எழுந்துபோய், குனிந்து தண்ணீர்க் கேனைத் தூக்கினாள். இடுப்பிலிருந்து பாதம்வரை வலி பாய, கட்டிலில் அவர் அலறினார்.

“அடியே, கீழ வை! முதுகு இன்னும் ஆறலைன்னு டாக்டர் சொன்னாரில்ல?”

“எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலியேங்க!”

“அதான் வினையே. இப்படியே போனா உன் காலே விழுந்திரும்டி.”

“அப்பா தும்மக்கூட பயப்படுறாரு. நீ கபடி ஆடுறியாம்மா?” என்றாள் தேன்மொழி.

காசிலிங்கம் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு மகள் கடிதம் எழுதினாள்: ‘வலியில் பாதியை என் மனைவிக்கே திருப்பித் தரவும். குனியும்போது அவளுக்குத் தெரிய வேண்டும்.’

“முழுசையும் குடுத்திருங்களேன். என் வலிதானே?” என்றாள் செண்பகம்.

“பாதிக்கு மேல தரமாட்டேன், போ.”

கடிதம் வைக்க எடுத்த கவர் தேன்மொழியின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனியப்போன செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தியபடியே முழங்காலை மடக்கி மெதுவாக உட்கார்ந்து அதை எடுத்தாள். கட்டிலில் சத்தமில்லை. கடிதத்தை உள்ளே வைத்து, ஒட்டி, மகளிடம் தபாலில் போடக் கொடுத்தனுப்பினாள்.