மீராசாஹிபின் அந்தூரியம்

சாய்ந்தமருதில் மீராசாஹிபு மௌத்தானதும், மனைவி சரீபா அறைக்குள் விதவைக்குரிய இத்தா இருக்கத் தொடங்கினாள். நான்கு மாதமும் பத்து நாளும். ஜன்னலோரம் அவர் வளர்த்த அந்தூரியம் இருந்தது. விடியலில் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்து, குவளையில் மிஞ்சும் தண்ணீரை அதற்கு ஊற்றுவது அவர் வழக்கம்.

அவர் போன பிறகும் காலைதோறும் சட்டி மண் ஈரமாக இருந்தது.

"மறக்காம ஊத்துறாய் மகள். அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்" என்றாள் சரீபா.

"நானா? எனக்கு சுபஹுக்கு எழும்பவே ஏலாது. நீங்கதானே உம்மா ஊத்துறீங்க?" என்றாள் ஹிமாயா.

அன்று முதல் சரீபா இரவில் இஷா தொழுததும் அவருடைய குவளையை நிரப்பிச் சட்டியருகே வைத்தாள். விடிந்தால் அதில் பாதிதான் இருக்கும். இத்தா நாட்கள் மெதுவாகப் போகட்டும் என்று துஆக் கேட்டாள்.

இத்தா முடிந்தது. மறுநாள் சுபஹில் குவளை நிறைந்திருந்தது, மண் வெடித்திருந்தது.

சரீபா ஊற்றினாள். தண்ணீர் மண்ணில் இறங்காமல் மேலேயே நின்றது.