இறகுக் குழி

மலேசியாவின் கிள்ளானில் கோழி வெட்டிக் கொடுக்கும் பக்கிரிசாமி, தன் கடைக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்ததும் திடுக்கிட்டார். இறகுகளைக் கொட்டும் குழியிலிருந்து அவள் ஒரு குப்பியில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீங்க?"

"என் பேரு மார்க்கிரட், அங்கிள். யூனிவர்சிட்டியிலேருந்து வரேன். கொஞ்சம் மண்ணு போதும்."

அவர் நம்பவில்லை. "மண்ணு அள்ளவா யூனிவர்சிட்டியிலேருந்து வருவாங்க? முனிசிபல் கவுன்சில் ஆளு லா. கடையை மூட ஆதாரம் தேடுறா" என்றார் மனைவி தனலெட்சுமியிடம்.

மறுநாளே இருவரும் குழியைக் காலி செய்து, கிருமிநாசினியான குளோராக்ஸ் ஊற்றிக் கழுவி, சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மார்க்கிரட் மறுபடியும் வந்தாள்.

"இப்ப பாருங்க, எவ்வளவு சுத்தம்!" என்றார் பக்கிரிசாமி.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அங்கிள்! உங்க குழியில இறகையே கரைச்சுத் தின்னுற பாக்டீரியா இருந்துச்சு. அதை வச்சு, தோல் பதனிடுற ஃபேக்டரியில முடியை நீக்குற என்சைம் எடுக்கலாம். லேப்ல வளர்த்தது செத்துப்போச்சு. அதான் மறுபடி மண்ணு எடுக்க வந்தேன்."

பக்கிரிசாமி அவசரமாகக் கடைக்குள் ஓடினார். இறகு கொட்டக் குழிக்குப் போகும்போது போடும் தன் பழைய பூட்ஸை மூலையிலிருந்து எடுத்து வந்து, அடியில் காய்ந்திருந்த சேற்றைக் காட்டினார்.

"இது ஆகுமாம்மா?"